பிறழுறுதியும் பண்பாட்டு நம்பிக்கையும்: உளமருத்துவச் சொல்லாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

0. முன்னுரை

உளமருத்துவ நூல்களைத் தமிழாக்குவோர் தவிர்க்க இயலாமல் எதிர்கொள்ளும் கலைச்சொற்களுள் ஆங்கிலத்தின் 'டெலூஷன்' என்பதும் ஒன்று. இதற்கு ஈடாக மருட்சி, பிரமை, மாயை, தவறான நம்பிக்கை எனப் பல சொற்கள் தமிழில் வழங்கி வருகின்றன. இவற்றுள் எது பொருந்தும் என்னும் வினாவைச் சொல்விருப்பம் பற்றிய வினாவாக மட்டும் கொள்ளுதல் கூடாது. ஒருவர் நோயுற்றவரா, தம் ஊரார் நம்புவதைத் தாமும் நம்புபவரா என்று பிரித்தறியும் இடத்தில் இச்சொல் நிற்கிறது. அப்பிரித்தறிதல் பெரும்பாலும் அவர் பேசுவதைக் கேட்டே செய்யப்படுகிறது. குருதிச் சோதனையோ மூளையின் படமோ ஒருவர் கொண்ட கருத்தை நோய் என்று நிறுவித் தருவதில்லை. அவர் கூறும் வாக்கியமே முதற்சான்று. ஆகவே அவ்வாக்கியத்தைப் பெயர்ப்பவருக்கும், அதனைப் பெறுவதற்கான வினாவை அமைப்பவருக்கும் இதில் நேரடிப் பொறுப்பு உண்டு.

நோயுறுதிக்கும் பண்பாட்டு நம்பிக்கைக்கும் உள்ள உறவு எத்தகையது, வழக்கிலுள்ள தமிழ்ச் சொற்கள் அவ்வுறவை எங்ஙனம் மறைக்கின்றன, சொல்லைக் காட்டிலும் வாக்கிய அமைப்பில் மொழிபெயர்ப்பாளர் எதைக் காத்தல் வேண்டும் என்னும் மூன்றனையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. வரையறையும் அதன் பண்பாட்டுத் தொடரும்

செருமானிய உளமருத்துவரும் மெய்யியலாருமாகிய கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் வெளியிட்ட பொது உளநோயியல் நூலில் இத்தகைய உறுதிக்கு மூன்று அடையாளங்களைக் கூறினார். ஐயத்திற்கு இடமற்ற உறுதி, எதிர்ச்சான்றுக்கு இணங்காமை, உள்ளடக்கத்தின் இயலாமை என்பன அவை. இவை புற அடையாளங்களே என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். தம் மனைவி பிறர்பால் நாட்டம் கொண்டுள்ளார் என்று ஒருவர் நோயினால் உறுதி கொள்ளலாம். அச்செய்தி தற்செயலாக உண்மையாகவும் இருந்துவிடலாம். அப்போதும் அவர் அம்முடிவுக்கு வந்த வழி நோயின் வழியாகவே இருக்கும். எனவே பொய்ம்மை ஒன்றையே கொண்டு இதனை வரையறுத்தல் இயலாது.

அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடு 1994இல் வந்த நான்காம் பதிப்பில் ஒரு முக்கியமான தொடரைக் கொண்டிருந்தது. அந்நம்பிக்கை, அவர் சார்ந்த பண்பாட்டினர் அல்லது உட்பண்பாட்டினர் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கையாக இருத்தலாகாது என்பதே அத்தொடரின் கருத்து. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, எதிர்ச்சான்று கண்டும் மாறாத நிலைத்த நம்பிக்கை என்பதை விளக்கத்தின் மையமாக்கிய போதிலும், பண்பாட்டுத் தொடரைச் சொல்விளக்கப் பகுதியில் விடாமல் வைத்துக்கொண்டது.

இத்தொடர் வரையறையின் இயல்பையே மாற்றிவிடுகிறது. நீர்க்கோவை, எலும்பு முறிவு போன்றவற்றை வரையறுக்க நோயாளியின் அண்டை வீட்டார் எதை நம்புகின்றனர் என்று கேட்க வேண்டுவதில்லை. இங்கோ கேட்டே ஆக வேண்டும். நோயுறுதி என்பது ஒருவருடைய கருத்தின் பண்பு மட்டுமன்று. அக்கருத்துக்கும் அவர் வாழும் மொழிக்குழுவுக்கும் உள்ள உறவின் பண்பும் ஆகும். இதனை விட்டுவிட்டு ஆக்கப்படும் எந்தத் தமிழ்ச் சொல்லும் வரையறையின் பாதியையே சுமக்கும்.

2. வழக்கிலுள்ள ஈடுகள்

'மருட்சி', 'மருள்' என்பவற்றை முதலில் நோக்குவோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் 'மருட்கை' எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய வியப்பைக் குறிக்கும். திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தில் 'மருள்', பொருளல்லாதவற்றைப் பொருளாகக் கொள்ளும் அறியாமையைக் குறிக்கிறது. அவ்வறியாமை உலகோர் அனைவர்க்கும் பொது. அதனின்று நீங்கியவரே சிலர். நாட்டார் வழிபாட்டிலோ மருள் வந்து ஆடுதல் என்பது தெய்வம் ஒருவர் மேல் இறங்கும் நிலை. மருளாடியின் சொல்லுக்காக ஊர் காத்திருக்கும். ஆக, ஒரே சொல் இலக்கணத்தில் வியப்பையும், அறநூலில் எல்லார்க்கும் பொதுவான மயக்கத்தையும், கோயில் முற்றத்தில் ஊரே ஏற்றுப் போற்றும் நிலையையும் சுட்டுகிறது. இம்மூன்றனுள் எதுவும் பிறர் ஏற்காத தனியொருவர் உறுதி அன்று. நோயின் பெயராக இதனை வைக்கும்போது, வரையறை எதனை விலக்குகிறதோ அதனையே சொல் உள்ளே அழைத்து வருகிறது.

'மாயை' என்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. வேதாந்த வழக்கில் மாயை எல்லா உயிரையும் பொதுவாக மறைப்பது. 'பிரமை' என்பதில் வேறொரு சிக்கல் உளது. மயக்கத்தைக் குறிக்கும் 'பிரம' என்னும் வடசொல்லும், தருக்க நூலில் மெய்யறிவைக் குறிக்கும் 'பிரமா' என்னும் வடசொல்லும் தமிழில் 'பிரமை' என ஒரே வடிவம் பெறுவன. அன்றியும், பேச்சு வழக்கில் கண்ணுக்கு ஏதோ தென்பட்டது போன்ற தோற்றத்தையும் பிரமை என்பர். அதனால் புலன் சார்ந்த பொய்த்தோற்றமும் கருத்து சார்ந்த உறுதியும் ஒன்றாகிவிடுகின்றன. 'தவறான நம்பிக்கை' என்பது எளிய தொடர். ஆயினும் ஊரார் கொண்ட நம்பிக்கை தமக்குத் தவறாகப் படும்போதெல்லாம் அதனை நோய் என்று கூற அது இடமளித்துவிடும்.

பிற மொழிகளின் சொற்களும் தத்தம் உருவகங்களைச் சுமந்தே வந்துள்ளன. ஆங்கிலச் சொல் ஏய்த்தலையும் எள்ளி விளையாடலையும் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. செருமானிய 'வான்' என்பது பழைய வழக்கில் எதிர்பார்ப்பு, கருத்து என்னும் பொருளுடையது. பிரெஞ்சின் 'தெலீர்' என்பதன் மூலமான இலத்தீன் வினை, உழவுச்சாலை விட்டு விலகுதல் என்னும் பொருளது. இம்மூன்றனுள் கடைசி உருவகமே வரையறைக்கு நெருங்கியது; சால் என்று ஒன்று முன்னரே இருந்தாலன்றி விலகல் என்பதற்குப் பொருளில்லை. தமிழில் 'பிறழ்' என்னும் வினையடி இப்பொருளைத் தர வல்லது. பிறழ்தல் எனின் எதனின்று பிறழ்தல் என்னும் வினா உடன் எழும். ஆகவே 'பிறழுறுதி' என்னும் ஆக்கத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. 'நம்பிக்கை' என்பதினும் 'உறுதி' ஏற்றது என்பதற்கான காரணம் பின்னர் விளக்கப்படும்.

3. பண்பாடு தரும் உருவம்

பிறழுறுதியின் உள்ளடக்கத்தைக் காலமும் இடமும் தருகின்றன என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் பல. பிரான்சை 1380 முதல் 1422 வரை ஆண்ட ஆறாம் சார்லஸ் தம் உடல் கண்ணாடியால் ஆயது என்று அஞ்சியதாகத் திருத்தந்தை இரண்டாம் பயஸ் எழுதி வைத்துள்ளார். அடுத்த இரு நூற்றாண்டுகளின் ஐரோப்பிய மருத்துவ நூல்களில் இவ்வகை நோயாளர் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றனர். செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதையொன்றின் தலைவனும் தன்னைக் கண்ணாடி என்று கருதுபவனே. பிற்காலத்தில் இவ்வகை நோயாளர் அரிதாயினர்.

இலண்டன் பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் 1797இல் அடைக்கப்பட்ட ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ் பற்றி, அங்கு மருந்தாளராக இருந்த ஜான் ஹாஸ்லம் 1810இல் ஒரு முழு நூலே எழுதினார். காற்றாலும் காந்தப் பாய்மத்தாலும் இயங்கும் தறியொன்றைக் கொண்டு ஒரு கூட்டத்தார் தம் எண்ணங்களை இயக்குகின்றனர் என்று மாத்யூஸ் கூறினார். வளிகளைப் பற்றிய வேதியியலும், மெஸ்மரின் காந்த மருத்துவமும், பிரெஞ்சுப் புரட்சியின் ஒற்றர் அச்சமும் கலந்த காலத்தின் தறி அது. அம்மூன்றும் அக்காலத்தார் பலர் ஏற்றுப் பேசியவையே என்பது நோக்கத்தக்கது. ஊரார் கொண்ட கருத்துகளிலிருந்து எடுத்த நூலைக் கொண்டே ஊரார் கொள்ளாத துணி நெய்யப்பட்டது.

சுலோவேனியாவின் லியுப்லியானா நகர மருத்துவமனையில் 1881 முதல் 2000 வரையிலான நோயாளர் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, வானொலியும் தொலைக்காட்சியும் பரவிய பின்னர், புறத்தேயிருந்து கருவிகள் தம்மை இயக்குகின்றன என்னும் உள்ளடக்கம் மிகுந்ததைக் காட்டியது. ஒருவர் வாழ்க்கை முழுவதும் அவரறியாமல் ஒளிபரப்பாவதாகக் கதை அமைத்த 'ட்ரூமன் ஷோ' திரைப்படம் 1998இல் வெளிவந்தது. தம் வாழ்வும் அத்தகையதே என்று உறுதி கொண்ட நோயாளர் பற்றி ஜோயல் கோல்டு, இயன் கோல்டு என்னும் இருவர் 2012இல் எழுதினர். தறி ஒளிக்கருவியாக மாறிற்று. பிறர் தம்மை இயக்குகின்றனர், தம்மை நோக்குகின்றனர் என்னும் வடிவம் மாறவில்லை. வடிவம், உள்ளடக்கம் என்று யாஸ்பர்ஸ் வகுத்த பிரிவு இங்கு விளக்கம் பெறுகிறது.

குரல் கேட்டல் புலன் சார்ந்த நிகழ்வாதலின் பிறழுறுதியின் வேறானது. எனினும் பண்பாட்டின் செல்வாக்கை அதுவும் காட்டுகிறது. மானிடவியலார் தான்யா லூர்மனும் பிறரும் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மத்தேயோ ஆகிய இடங்களில் இடத்திற்கு 20 பேர் வீதம் நேர்கண்டு ஆராய்ந்தனர். முடிவுகள் 2015இல் இதழில் அச்சாயின. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் உறவினர் குரல்களைக் கேட்டனர். அவை வீட்டு வேலைகளை ஏவின, கண்டித்தன. அமெரிக்கர் பலர் தம்மை நோயின் பெயராலேயே குறிப்பிட்டனர். வன்முறை பேசும் அயற்குரல்கள் அவர்களிடம் மிகுதி. அக்ராவில் கடவுளின் குரல் முன்னின்றது.

4. இவ்விளக்கத்தின் எல்லை

பண்பாடு ஆடை மட்டும் தருகிறது, உடல் எங்கும் ஒன்றே என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடுதல் எளிது. ஆனால் அது போதாது. இரு நிகழ்ச்சிகள் இதனை உணர்த்தும்.

கனடாவின் வடபுலக் காடுகளில் வாழும் கிரீ, ஒஜிப்வே முதலிய மக்களிடையே மனிதரை உண்ணும் 'விண்டிகோ' பற்றிய கதைகள் உண்டு. தாம் விண்டிகோ ஆகிவிட்டதாக ஒருவர் உறுதி கொண்டு மனித ஊனை வேட்கும் நோய் அம்மக்களிடையே இருப்பதாக மேலைநாட்டார் நீண்ட காலம் எழுதி வந்தனர். லூ மரானோ 1982இல் எழுதிய கட்டுரையில் இச்சான்றுகளை மறுபரிசீலனை செய்து, நேரிற் கண்டு பதிவு செய்யப்பட்ட நோயாளர் எவரும் இலர் என்று வாதிட்டார். பஞ்சத்தில் ஒருவரை விலக்கவோ கொல்லவோ நேர்ந்தபோது அவர்மேல் பிறர் சுமத்திய பெயரே, அவருடைய உள்ளத்தின் நோயாக நூல்களில் எழுதப்பட்டது என்பது அவர் கருத்து. இப்பிழையை விளக்க அவர் கையாண்ட கருவி மொழியியலாருக்கு அயலானதன்று. ஒலியியல், ஒலியனியல் என்னும் பிரிவிலிருந்து கென்னத் பைக் பொதுமைப்படுத்திய அகநோக்கு, புறநோக்கு வேறுபாடே அது. இங்கு நோயுற்றது தனியாளின் உள்ளமா, பதிவு செய்தோரின் மொழிபெயர்ப்பா என்னும் ஐயம் எழுகிறது.

இரண்டாவது நிகழ்ச்சி 'கோரோ'. ஆணுறுப்பு உடலுக்குள் சுருங்கி மறைந்து உயிர் போய்விடும் என்னும் பேரச்சம் இது. சீனத்தில் 'சுவோயாங்' எனப்படும். யாங் சுருங்குதல் என்பது பொருள். சிங்கப்பூரில் 1967இல் தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சி பற்றிய வதந்தியை ஒட்டி இது பரவியது. அத்தகைய ஆபத்து இல்லை என்று மருத்துவர்களும் அரசும் வானொலி, தொலைக்காட்சி வழியாக விளக்கிய பின் விரைந்து தணிந்தது. 1982இல் அசாமிலும் மேற்கு வங்கத்தின் வடபகுதியிலும் இவ்வச்சம் பரவியது. நம்பிக்கையே துன்பத்தை உண்டாக்கிய நிகழ்ச்சி இது. எனினும் அந்நம்பிக்கை ஊரார்க்குப் பொது; தக்க விளக்கத்திற்கு இணங்கித் தணிந்தது. ஆதலின் இதனைப் பிறழுறுதி எனல் பொருந்தாது. நம்பகமான குரல் ஒன்று மறுத்தபோது அச்சம் நீங்கியது என்பதே வேறுபாட்டை அறியும் வழியைக் காட்டுகிறது.

5. வினாநிரலின் மொழி

உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய பன்னாட்டு மனச்சிதைவு முன்னோடி ஆய்வு ஒன்பது நாடுகளின் மையங்களில் 1,202 நோயாளிகளைச் சேர்த்தது. இந்திய மையம் ஆக்ராவில் இருந்தது. ஜான் விங்கும் பிறரும் உருவாக்கிய நேர்காணல் முறையே அதன் முதன்மைக் கருவி. இத்தகைய கருவிகளைப் பெயர்த்து, மீண்டும் மூலமொழிக்கே திருப்பிப் பெயர்த்து ஒப்பிடுதல் வழக்கமான சோதனை. சொற்பொருள் பிறழாமையை அது காட்டும். ஆனால் வினா கேட்கப்படும் சூழலில் அது எதனை உணர்த்தும் என்பதைக் காட்டாது.

எடுத்துக்காட்டாக, ஏதேனும் ஒரு ஆற்றல் உங்களை இயக்குவதாக நம்புகிறீர்களா என்னும் வினாவைக் கருதுக. தமிழில் 'நம்பு' என்பது கருத்தைக் கொள்ளுதல் மட்டுமன்று. ஒருவர்பால் பற்றுவைத்தலையும் கடவுளிடம் அடைக்கலம் புகுதலையும் குறிக்கும். குலதெய்வமே தம்மை நடத்துகிறது என்று எண்ணும் நலமுள்ள ஒருவர் ஆம் என்றே விடையிறுப்பார். மாறாக, தம் எண்ணத்தைப் பக்கத்து வீட்டார் எடுத்துவிடுகின்றனர் என்று துன்புறும் ஒருவர், நான் நம்பவில்லை, எனக்குத் தெரியும் என்று கூறக்கூடும். அவரளவில் அது நம்பிக்கையே அன்று, கண்டறிந்த செய்தி. நலமுள்ளவர் நோயாளராகவும் நோயாளர் நலமுள்ளவராகவும் பதிவாக இவ்வொரு வினைச்சொல் போதும். 'நம்பிக்கை' என்பதை விடுத்து 'உறுதி' என்பதைக் கொண்டதற்குக் காரணம் இதுவே.

6. இலக்கணம் காட்டும் வேறுபாடு

ஆக்கிக்கொண்ட பின்வரும் வாக்கியங்களை ஒப்பிடலாம்.

(1) செய்வினை வைத்திருக்கிறார்களாம்.
(2) செய்வினை வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.
(3) செய்வினை வைத்திருக்கிறார்கள்.

மூன்றனுக்கும் உள்ளடக்கம் ஒன்றே. முதலாவது, 'ஆம்' என்னும் இடைச்சொல்லால் செய்தியைப் பிறர் வாய்மொழியாகக் காட்டுகிறது. இரண்டாவது, கண்ட அடையாளங்களிலிருந்து ஊகிக்கிறது. மூன்றாவது நேரே உரைக்கிறது. ஊர் நம்பிக்கை புழங்கும் பேச்சில் முதலிரு வடிவங்கள் பயின்று வரும். குறி சொன்னவர், மூத்த உறவினர், பழைய நிகழ்ச்சி என ஏதேனும் ஒரு மேற்கோள் இருக்கும். ஐயத்திற்கும் பரிகாரத்திற்கும் வாயில் திறந்திருக்கும். பிறழுறுதி பேசுமிடத்து மேற்கோள் வேண்டப்படுவதில்லை என்றும், நேர்கூற்றே மிகும் என்றும் எதிர்பார்க்கலாம். இது களத்தில் சோதித்தற்குரிய கருதுகோள்; நிறுவப்பட்ட முடிவாக இங்குக் கூறப்படவில்லை. நலமுள்ளவரும் நேர்கூற்றாகப் பேசுவர். குரல் கேட்கும் நோயாளரும் 'ஆம்' சேர்த்துப் பேசுவர். ஒற்றை உருபைக் கொண்டு எவரையும் நோயாளர் எனல் தகாது. ஆனால் மூன்று வாக்கியங்களும் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகச் சுருங்குமாயின், மருத்துவர் எடைபோடுவதற்கான சான்று பெயர்ப்பின்போதே அழிந்துபோகிறது.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. 'எனக்கு ஏதோ செய்துவிட்டார்கள்' என்னும் வாக்கியத்தில் எழுவாய் இல்லை. வினையின் பலர்பால் ஈறு யாரையும் குறித்துச் சுட்டாமல் நிற்பது தமிழில் இயல்பு. கடையை மூடிவிட்டார்கள், தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்பவை போன்றதே அது. ஆங்கிலத்தில் எழுவாய் கட்டாயமாதலின் 'அவர்கள்' என்னும் பெயர் முன்னே வந்து நிற்கும். எழுவாயாக நின்ற அந்த 'அவர்கள்', மறைந்து நின்று தீங்கு சூழும் ஒரு கூட்டத்தை மருத்துவரின் மனத்தில் எழுப்பும். வழக்கு அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவர், தமிழின் எழுவாய் தொகும் இயல்பை நோயின் குறியாகக் கொள்ள இடமுண்டு. செயப்பாட்டு வினையாகவோ 'யாரோ' என்பதற்கு ஈடான சொல்லாலோ பெயர்த்தலும், தேவையான இடத்தில் தமிழ் வாக்கியத்தையே உடன் தருதலும் இதற்குத் தீர்வாகும்.

7. முடிவுரை

பண்பாட்டு நம்பிக்கை பிறழுறுதிக்குப் பொருள் தருகிறது. எது பிறழ்வு என்னும் எல்லையை வகுக்கிறது. சிலபோது தானே அச்சமாகப் பரவவும் செய்கிறது. இம்மூன்று உறவுகளையும் ஒன்றாகக் குழப்புவதால் இரு பக்கமும் தீங்கு விளையும். ஊர் வழக்கை அறியாதவர் வழிபாட்டை நோய் என்பர். வழக்கை மட்டும் அறிந்தவர், நோயால் துடிப்பவரைப் பார்த்து எங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று கூறி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவர். இரண்டாவது தீங்கு முதலாவதனினும் சிறியதன்று.

பிறழுறுதியை அறிய அவர் கூறுவது ஊரில் பேசப்படும் பொருளா என்று கேட்பது போதாது. ஊரில் பேசுவது போன்றே அவரும் பேசுகிறாரா, அவருடைய ஊராரே அவர் பேச்சைக் கேட்டுத் திகைக்கின்றனரா என்று கேட்க வேண்டும். செய்வினையை முழுதும் நம்பும் தாயொருத்தி, தன் மகன் செய்வினை பற்றிப் பேசுவதைக் கேட்டு, இது அப்படியில்லை, இவன் வேறு மாதிரி சொல்கிறான் என்று கூறுவாளாயின், வரையறையின் பண்பாட்டுத் தொடரை அவளே சரிவரப் பெயர்த்தவள் ஆகிறாள். அவள் கூறிய அந்த 'வேறு மாதிரி' எது என்பதை விளக்கி எழுதுவதே மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்க வேண்டிய பணி. நோயாளரின் தமிழ் வாக்கியங்களை அவற்றின் இடைச்சொற்களும் ஈறுகளும் சிதையாமல் பதிந்து வைத்தல் அதற்கு முதற்படியாகும்.